ஃப்ரிட்ஜ் கதவில் பாதி பாட்டில்

“இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல மேடம். பாராசிட்டமால் மட்டும்தான்” என்றேன்.

மடியில் என் மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், பாத்ரூம் போனால் “எரியுதும்மா” என்று அழுகை. அதில் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை அலாரம் வைத்து, மூடியில் அளந்து, காலையும் மாலையும் கொடுத்திருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குத்தான்.

நான் கவனமில்லாத அம்மா இல்லை. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படிக்கிறவள். மகளின் தடுப்பூசி அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறவள். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குக் கீழே நிற்கும் ஒவ்வொரு சிரப் பாட்டிலிலும் மார்க்கரால் திறந்த தேதி எழுதியிருப்பேன். கலக்கிய பிறகு ஏழு நாள்தான் என்று லேபிளில் இருந்ததையும் படித்தேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் அது கொஞ்சம் நீளும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பெட்டியின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதே என்பதற்கான கோடு அது. ஆனால் டாக்டர் ஒருமுறை சொன்ன மருந்துதானே?

அந்த ஒருமுறை போன வருடம், காதுவலிக்கு. அந்தச் சீட்டு என் போனில் இருந்தது. மகள் போகும் ப்ளே ஸ்கூலில் காய்ச்சல் என்றால் மூன்று நாள் அனுப்பக் கூடாது. எனக்கோ தாம்பரத்தில் ரயில் ஏறி கிண்டி போக வேண்டிய வேலை. எடுக்கக்கூடிய லீவு எல்லாம் மழைக்காலத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. சளியோடு காய்ச்சல் வந்தபோது ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் போனை நீட்டினேன்.

“இன்னா மேடம், பாப்பாக்கு மறுபடியும் ஜுரமா?” என்றார் கடைக்காரர். “வெயிட்டு ஏறிக்கீதா?”

“அரைக் கிலோ.”

“அப்ப அதேதான். ரெண்டு நாள்ல ஓடி ஆடும் பாருங்க.”

ஓடி ஆடினாள். மூன்றாம் நாள் வயிறு இளகியதும் நிறுத்திவிட்டேன். பாதி பாட்டில் மிஞ்சியது. இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சரியானதால், மருந்தால்தான் சரியானது என்று நம்பினேன்.

எங்கள் அடுக்குமாடியில் அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பழைய யூனிஃபார்ம், கொசுவலை, படித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் கைமாறும். சிரப்பும்தான். கீழ்வீட்டுப் பெண் ஒருநாள் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். நான் பாதி பாட்டிலை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். “தேதி எழுதியிருக்கேன் பாரு” என்று காட்டினேன். “அக்கா, நீங்க நர்ஸாப் போயிருக்கலாம்” என்றாள். அன்று முழுக்க எனக்கு நிறைவாக இருந்தது.

அன்று டாக்டர் எழுதிய சீட்டை கிளினிக் வாசலில்தான் படித்தேன். அதே மருந்து. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதியிருந்தார், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், முடிவு வர இரண்டு மூன்று நாள். வண்டியைக் கிளப்பப் போன கணவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

“இது நம்ம வீட்ல இருக்கறதுதானே? குடுத்தோம்ல? சொன்னியா?”

“புது பாட்டில்னா பவரா இருக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். கிளினிக் கதவையும் பார்த்தார். உள்ளே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கிளம்பியது. நானும் இறங்கவில்லை.

புது பாட்டிலை இரண்டு நாள் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. மகள் தண்ணீர் குடிக்கவே மறுத்தாள். குடித்தால் போக வேண்டி வரும், போனால் எரியும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் முதுகைத் தொட்டு “இங்க வலி” என்றபோது ரிசல்ட் கேட்டு லேபுக்குப் போன் செய்தேன்.

ரிப்போர்ட் ஒரே ஒரு பக்கம். இடப்பக்கம் மருந்துப் பெயர்கள், வலப்பக்கம் ஒற்றை எழுத்து. கிருமி கட்டுப்பட்டால் எஸ், கட்டுப்படாவிட்டால் ஆர். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று போயிற்று. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் மருந்துக்கு நேராகவும் ஆர். கடைசியில் நான்கு மருந்துகளுக்கு மட்டும் எஸ். அந்த நான்கில் மூன்று ஊசியாக மட்டுமே போடக்கூடியவை, நான்காவது இந்த வயதில் கொடுக்கத் தயங்குவது என்று பிறகு தெரிந்தது.

இந்த முறை டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், ஃப்ரிட்ஜ் பாட்டில், மூன்று தடவை, போனில் இருந்த சீட்டு எல்லாவற்றையும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன். ரெண்டு நாள் போச்சு” என்றார்.

“என்னாலதான் இப்படி ஆச்சா மேடம்?”

“ஒரு பாட்டிலைக் காட்டி இதுதான்னு சொல்ல முடியாது. எதுவுமே குடுக்காத குழந்தைக்கும் இந்த மாதிரிக் கிருமி வருது. ஆனா நீங்க குடுத்த மூணு தடவையும் சளிஜுரம். அதுக்கு இந்த மருந்து வேலையே செய்யாது. தானா சரியாகியிருக்கும்.” பிறகு அட்மிஷன் சீட்டை எழுதிக்கொண்டே, “கிட்னிக்குப் போயிடக் கூடாது. இப்பவே சேருங்க” என்றார்.

என்னால்தான் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை என்றிருந்தாலும். இரண்டும் சொல்லாமல் விட்டதைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவள் கையில் நரம்பு கிடைக்க நான்கு இடத்தில் குத்தினார்கள். கடைசியில் இடது புறங்கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, கை மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டினார்கள். “ரோபோ கை வந்துடுச்சு, யாரை அடிக்கப் போறீங்க மேடம்?” என்றார் நர்ஸ். “உங்களைத்தான்” என்றாள் என் மகள். ஜன்னலுக்கு வெளியே விமானங்கள் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணச் சொல்லித்தான் ஊசி போடுவார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மருந்து வேலை செய்கிறது என்று நர்ஸ் சிரித்தபோது எனக்குச் சிரிக்க வரவில்லை. இதற்கும் ஆர் என்று வந்திருந்தால்? கேட்கவில்லை. ஸ்கேனில் சிறுநீரகத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. தழும்பு இருக்கிறதா என்று சில மாதம் கழித்து இன்னொரு சோதனை எடுக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் கீழ்வீட்டுக்குப் போனேன். பாட்டில் அவளுடைய ஃப்ரிட்ஜிலேயே இருந்தது, என் கையெழுத்தோடு. கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள், அவசரத்துக்கு. நடந்ததைச் சொல்லி, இனி குழந்தைக்குக் கொடுக்காதே, என்னிடம் திருப்பிக் கொடு என்றேன்.

“என் பொண்ணுக்கு இதுலதானே அக்கா சரியாச்சு?”

“தானாவே சரியாகியிருக்கும்.”

“அன்னைக்கு நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க, நல்ல மருந்துன்னு? இப்ப நீங்களே விஷம் மாதிரி பேசறீங்க.” பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். ஆனால் கதவைச் சாத்தும்போது வழக்கமாகச் சொல்லும் ‘போய்ட்டு வாங்க’ இல்லை. குழுவில் எழுத வேண்டியதை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், சிரப் யாரும் கைமாற்ற வேண்டாம், என் மகளுக்கு நேர்ந்தது இது என்று நான்கு வரி அனுப்பினேன். பதிலாக இரண்டு கும்பிடு வந்தது. அடுத்து வந்தது யாரோ ஒருவரின் சைக்கிள் விற்பனை அறிவிப்பு.

அந்தப் பாட்டில்களை எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை. சிங்கில் ஊற்றினால் எங்கள் கழிவுத் தொட்டிக்குப் போகும். அதை லாரி உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொட்டுகிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கும்போது இப்போது அந்தக் கேள்வி வருகிறது. டாக்டரிடம் கேட்டேன். மருத்துவமனைக் கழிவோடு போட்டுவிடலாம், கொண்டுவாருங்கள் என்றார். ஒரு பையில் கட்டிக் கதவருகே வைத்தேன்.

நேற்று மாலை மகளுக்கு மறுபடியும் நூறு டிகிரி. மூக்கு ஒழுகுகிறது. எரிச்சல் இல்லை, இரண்டு முறை கேட்டேன். டாக்டருக்குப் போன் செய்து இந்த முறை எதையும் மறைக்காமல் சொன்னேன். காலையில் சிறுநீரை மட்டும் சோதித்துவிடுவோம், அதுவரை பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும் என்றார்.

மகள் சோபாவிலிருந்து கதவருகே இருந்த பையைக் காட்டினாள். “ஆரஞ்சு மருந்து தரலியா?”

“இல்லடா.”

“ஏன்?”

தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அவள் குடித்தாள். ஒவ்வொரு மடக்கையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கொடுக்காமல் இருக்கும்போதும் தப்பு செய்கிற மாதிரியேதான் இருக்கிறது.