கழற்ற ஏலாத நாரை

"அசையாதேங்கோ!" என்று இக்னேசியஸ் சொன்னதும் கதிரையில் இருப்பவர் மூச்சை அடக்கிக்கொள்வார். தேவையில்லை. அது சன்னலில் வந்திருந்த மைனாவுக்குச் சொன்னது. மைனாவோடும் அவர் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். அது பறந்த பிறகே மனிதருக்கு முறை வரும்.

உட்துறைமுக வீதி அலையொளி ஸ்ரூடியோவில் அடையாள அட்டைப் படங்களால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. மனம் இருப்பது உப்புவெளிப் பக்கத்துக் களப்பில். ஞாயிறு பூசை முடிந்ததும் கமராவோடு போய்விடுவார். கண்டல் மரங்களுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே இறங்குவார். ஒரு கிளை காட்சியை மறைத்தால் ஒடிக்கமாட்டார்; காற்று அதை விலக்கும்வரை சேற்றில் நிற்பார். "மரம் முதல் வந்தது. நான் பிறகு வந்தனான்" என்பார்.

படத்துக்குச் சட்டம் போடவும் பச்சை மரம் வெட்டக்கூடாது. கரையொதுங்கிய பலகை, மீன்வாடை போகாத உடைந்த வள்ளம், அவ்வளவுதான். அவர் சட்டம் போட்ட கல்யாணப் படங்களை வீட்டுப் பூனைகள் ஓயாமல் நக்குவதன் இரகசியம் இதுவே.

கிளிவெட்டிக் கிராமத்து எங்கள் குடும்பத்தில் முதற்பட்டம் என்னுடையது. கறுப்பு அங்கியோடு அவரிடம் போய் இருந்தேன். மின்விசிறி போடவில்லை. "குருவி குறுக்கை பறக்கும், தம்பி. செட்டை வெட்டுப்பட்டால் ஆர் பதில் சொல்லுறது?" எங்கள் வீட்டுச் சுவரில் இன்று தொங்கும் பட்டதாரி, கிணற்றில் விழுந்து எழுந்தவன்போல் இருக்கிறான்.

இப்போது அவரை மாட்டிவிட்டதும் அந்தக் குருவிதான். முன்சரிய மாட்டிய படங்களின் பின்னால் குருவி கூடு கட்டுவது எந்த வீட்டிலும் நடப்பது. இங்கே அது பிடித்துக்கொண்டது நாரைப் படத்தை. ஐந்து ஞாயிறு சேற்றில் நின்று எடுத்த நாரை. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் கலைக் கண்காட்சிக்குத் தெரிவான நாரை. இருபது வருடம் மற்றவர் முகங்களை எடுத்தவரின் பெயர் முதன்முறையாக ஒரு படத்தின் கீழ் வரப்போகிறது. இன்னொரு பிரதி போடலாமென்றால், இறக்குமதி நின்றதிலிருந்து அந்த அளவுக் கடதாசி கொழும்பிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை கச்சேரிச் சாரதி அபூதாஹிர் ஜீப்போடு வந்தபோது நானும் அங்கிருந்தேன். அவர் கையில் இக்னேசியஸின் பெயர் தட்டச்சடித்த அட்டை.

"கழட்டுங்க அண்ணன். நாளைக்குத் திறப்பு."

"ஏலாது. மூண்டு குஞ்சு. இன்னும் கண் திறக்கேல்லை."

"குருவியையா கேட்டாங்க? நாரையைத்தானே!"

"நாரைக்காகக் குருவியைக் குடியெழுப்பவோ?"

ஸ்ரூடியோவின் பின்பக்க வீட்டுக் குசினியிலிருந்து மனைவி றீற்றா சுளகோடு வந்தார். "ஊர்க் குருவிக்கெல்லாம் வீடு குடுக்கிறார். இவற்றை பேருக்கு ஒரு சுவர் கிடைச்சால், அதுக்கு ஏலாதாம்! இந்தாங்கோ, கூட்டை இதிலை இறக்குங்கோ."

இக்னேசியஸ் கதிரையில் ஏறினார். கை சட்டத்தைத் தொட்டது. புழுவோடு வந்த தாய்க்குருவி, மின்விசிறி இதழில் இருந்துகொண்டு அவரைப் பார்த்தது. சற்று நேரம் அவரும் அதைப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

"அடுத்த வருசம் வேறை குருவி வரும், அண்ணன்." அபூதாஹிர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இக்னேசியஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். அதைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தால் குஞ்சுகள் பயப்படும். றீற்றா உள்ளே போய் நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து நீட்டினார். அதைப் பூசி, நாரைக்கு நேர் கீழே சுவரில் அட்டையை ஒட்டினார் இக்னேசியஸ். குருவி சட்டத்தின் விளிம்புக்கு வந்து, அட்டைக்கு அரை விரல் தள்ளிச் சுவரில் எச்சத்தால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது.

அவர் அட்டையை மெல்ல உரித்து, ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, மறுபடி அழுத்தினார்.