அண்ணன் போட்ட வெற்று வட்டங்கள்

இரும்பை என்ற ஊரில் கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். சித்திரை வெயிலில் சில்வண்டுகள் அதில் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன. மரத்தடியில் நின்ற என் அண்ணன், வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வெற்று வட்டம் போட்டார். கறுப்புப் புள்ளி என்றால் வண்டு இருக்கிறது. வெற்று வட்டம் என்றால் இல்லை.

அண்ணன் திண்டிவனத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்தவர். ஒரே ஒரு சில்வண்டு இனம் விழுப்புரம் மாவட்டத்தில் எங்கெல்லாம் வாழ்கிறது என்று குறிப்பதற்கே ஆயுளைக் கொடுத்தார். தூரத்திலிருந்து சத்தத்தை வைத்தே இனம் பிரிப்பார். ஊசிபோல மேலே ஏறிச் சட்டென்று அறுந்துபோகும் கூச்சல் இதனுடையது. சில வருடங்களாகப் புள்ளிகள் குறைந்து வட்டங்கள் பெருகின. இனமே அழிகிறது என்று சோறு இறங்காமல் கிடந்தார். முட்டிவலி வந்து, ஸ்கூட்டியில் அவரை ஏற்றிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். பூச்சியாவது மண்ணாவது என்றுதான் அன்று முதல் தடவை கூடப் போனேன். அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னாண்ணா, மண்டை வெடிக்கிற மாதிரி கத்திக்கினு இருக்குது, இல்லன்னு போடுற?”

“எது கத்துது? நீ போய் உன் சாம்பாரைப் பாரு.”

அவர் தோளில் கிடந்த பூச்சிவலையைப் பிடுங்கித் தாழ்ந்த கிளையில் ஒன்றைப் பிடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். ஆண் வண்டு. கைக்குள் இன்னும் மோசமாகக் கத்தியது. அண்ணன் முகம் மாறவில்லை. கையைத்தான் வெறித்துப் பார்த்தார்.

“அதிருதும்மா,” என்றார். பிறகு அதைத் திருப்பி, இனத்துக்கு இனம் மாறும் வயிற்றடித் தட்டுகளைப் பார்த்தார். “நம்மளுதுதான்.”

மனிதர் பேச்சு அவருக்குக் கேட்கும். அந்த உச்சத்துச் சத்தம் மட்டும் அவர் காதைவிட்டுப் போயிருந்தது. எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. எந்த வட்டம் பொய், எது நிஜம்? எல்லாமே செல்லாது. இவ்வளவு படித்த மனிதர் ஒரு காது டாக்டரிடம் போயிருக்கக் கூடாதா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வண்டு சாகவில்லையே என்று அவர் சந்தோஷப்படவும் இல்லை.

வட்டங்களை அழித்துவிட்டு மறுபடி கிளம்பினோம். வண்டியை நிறுத்தியதும் அவர் மரத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். தலையாட்டினால் புள்ளி. திருவக்கரையில் புள்ளி வைத்தபோது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

முகையூர்ப் பக்கம் ஒரு சாலை. அங்கேதான் அவர் இந்தக் கூச்சலை முதன்முதலில் இனம் கண்டாராம். சாலையை அகலமாக்கியதில் மிஞ்சியது இரண்டு புளியமரம். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்ல வராது.

“இல்லண்ணா.”

“லாரி போவட்டும். நல்லா கேளு.”

லாரி போனது. “இல்ல.”

வட்டம் போட்டுப் பேனாவை மூடினார். “இன்னிக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேக்குது,” என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் மறுபடி பார்க்கக் கூடாது.

இப்போது அண்ணன் இல்லை. சித்திரையானால் என் கடைவாசல் மரத்திலும் கத்துகிறது. சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்: “என்னாக்கா இது, ஒரே பேஜாரு!”

“கத்தட்டும். வாயை மூடிக்கினு தின்னு,” என்கிறேன்.