பிரேக் அக்காவுக்கு வந்த வாதம்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்து உரிமம் வாங்கிய எவருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. பிரேக் அக்கா என்றால் தெரியும். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் வைத்துக்கொண்டு, ஊரையே நிறுத்திக் காட்டுவேன் என்கிற தோரணையில் உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்து நாலு. கால் வேகம், வாய் அதைவிட வேகம்.

"ஸ்டீயரிங்கை ஏன் இப்படிக் கழுத்தைப் பிடிக்கற மாதிரி பிடிக்கறீங்க? அது உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்பாள். "கண்ணாடியைப் பாருங்கன்னா பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்கச் சொன்னேன். தலை சீவச் சொல்லலை" என்பாள். திட்டு வாங்கி அழுதவர்கள் உண்டு. ஆனால் அவளிடம் கற்றவர்கள் தேர்வில் தோற்பது அபூர்வம் என்பதால், அழுதவர்களே தங்கள் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

ஒருநாள் காலையில் அவளால் பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை. விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல விறைத்துக்கொண்டு நின்றன. பத்து மணி வாக்கில் தானாகவே இளகின. மறுநாளும் அதே கதை. இரண்டு கையிலும் அதே விரல்கள், அதே மணிக்கட்டு. பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடத்தில் சரளைக்கல்லை வைத்துத் தைத்தது போல ஒரு குத்தல்.

தலையணை சரியில்லை என்றாள். தண்ணீர் சரியில்லை என்றாள். கடைசியில் பழி மெத்தை மேல் விழுந்தது.

"மெத்தையை மாத்தினா எல்லாம் சரியாயிடும்" என்று கணவரிடம் தீர்ப்புச் சொன்னாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்கக் கடுகு அளவு திருகாணிகளை மாட்டிக்கொண்டிருப்பவர் என்பதால் பேச்சையும் அந்த அளவிலேயே வைத்திருந்தார். "சரி" என்றார்.

அந்த வாரமே அவள் மெத்தைக் கடைக்குப் போனாள். காரோடு போனாள்.

அன்றைக்கு ஓட்டியவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். எல்லோரும் அவரை மேனேஜர் சார் என்பார்கள். கடைத்தெருவில் திரும்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். இது பிரேக் அக்காவுக்குத் தினசரி வேலை. காலைத் தூக்கித் தன் பிரேக்கில் வைத்தாள். பாதத்தில் அந்தக் குத்தல் சுரீரென்று ஏறியது. கால் அழுத்தத்தான் செய்தது, ஆனால் அரை மனதோடு அழுத்தியது. கார் நடைபாதையில் ஏறி, கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த மெத்தைகளை ஆரத்தழுவி நின்றது.

யாருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

"மேடம், நீங்க பிரேக் போடுவீங்கன்னு நினைச்சேன்" என்றார் மேனேஜர்.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்."

கடைக்காரர் கத்திக்கொண்டே வெளியே வந்தார். மேனேஜர் நல்ல மனிதர். மேலே டயர் தடம் பதிந்த மெத்தையைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கால் போகலைங்க" என்றாள். "மிதின்னு சொன்னேன். போகலை." கணவர் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டார். மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மூட்டு நோய்களுக்கென்றே படித்த இளவயது மருத்துவர், விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"நீங்க இப்படி அமுக்கினா யாருக்குத்தான் டாக்டர் வலிக்காது?"

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து மறுபடி போனபோது மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்மா. தமிழ்ல முடக்குவாதம்னு சொல்லுவாங்க."

அவள் முகம் வெளுத்தது. முடக்கு என்ற சொல் அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அப்போது கணவர் வாயைத் திறந்தார்.

"பிடிவாதம் இருக்குன்னு தெரியும் டாக்டர். விதண்டாவாதமும் உண்டு. இது எப்ப சேர்ந்துச்சுன்னுதான் தெரியலை."

வெளி மனிதர் முன்னால் அவர் தன் வாழ்நாளில் அடித்த முதல் ஜோக் அது. மருத்துவர் சிரித்துவிட்டார். பிரேக் அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு யாராவது இருந்தால் எரிந்து போயிருப்பார்கள். ஆனால் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"நோய்க்கிருமியை அடிக்கறதுக்காக உடம்புல ஒரு படை இருக்கும்மா. அது குழம்பிப் போய் உங்க மூட்டுகளையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதான் வீக்கம்" என்று விளக்கினார் மருத்துவர்.

"அப்போ என்னை அடிக்கறது நானேதானா?"

"ஒரு வகையில அப்படித்தான்."

"அதானே. வேற எவனுக்கு அந்தத் தைரியம் வரும்?"

அடியோடு ஒழிக்க முடியாது, ஆனால் மூட்டு கோணாமல் கட்டுக்குள் வைக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்றார் மருத்துவர். முக்கியமான மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும், மறந்துபோய்க்கூடத் தினமும் போட்டுவிடக் கூடாது, அது ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். போட்ட மறுநாள் குமட்டலாம், ஆளைப் பார்த்தாலே எரிச்சல் வரலாம். "எந்தக் கிழமைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

கணவரின் அக்கா ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருபவர். பிரேக் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சனிக்கிழமை" என்றாள்.

செய்தி பரவியது. பரவியதும் தெரிந்தது, அந்தத் தெருவில் அவள் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் வைத்தியர்கள். துணி தேய்ப்பவர் செம்பு வளையல் போடச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா உருளைக்கிழங்கைத் தொடவே கூடாது என்றார். எதிர் வீட்டம்மா உருளைக்கிழங்கைப் பச்சையாக அரைத்துப் பூசச் சொன்னார். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் கிழங்கு கூடையிலயே இருக்கட்டும்" என்று அனுப்பி வைத்தாள். எனக்கும் முட்டி வலிதான் என்று ஆரம்பித்தவர்களை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. மாடிப்படி ஏறினால் வலிப்பதும், போர்வையைத் தள்ளக்கூட முடியாமல் படுத்துக் கிடப்பதும் ஒன்றா?

அப்படிக் கிடந்த ஒரு காலையில்தான் குளியலறையில் நெடுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காமல் போக, கணவர் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே அவள் பிராவின் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மாட்ட முடியாமல், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் பின்னால் போய் நின்றார். திருகாணி மாட்டிப் பழகிய விரல்கள். ஒரே முயற்சியில் மாட்டிவிட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குக் கழட்ட மட்டும்தான் தெரியும்னு இவ்வளவு நாளா நினைச்சேன்."

"ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார் அவர். அன்றிலிருந்து அது அவருடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. வலி வந்தால் புத்தி வெளிநடப்புச் செய்துவிடும் என்பதற்கு அவளே சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே பழுப்பு நிறப் பொடி. "எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கு. அந்த மாத்திரை எல்லாம் ஈரலைத் தின்னுடும். நிறுத்திட்டு இதைச் சாப்பிடு" என்றார். வேறு நாளாக இருந்திருந்தால் டப்பா வாசல் தாண்டியிருக்காது. அன்றைக்குக் கையை மடக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தினாள்.

நாலே நாளில் வலி பறந்துவிட்டது. விரல்கள் பட்டாகிவிட்டன. பயிற்சிப் பள்ளி வாசலில் குதித்தே காட்டினாள். அப்புறம் முகம் பூரித்தது. பூரிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், அது வீக்கம். பொடி தீர்ந்த மறுநாள் விட்டுப்போன வலி சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை தோள்பட்டை, முழங்கால் வரைக்கும்.

காலி டப்பாவைப் பார்த்த மருத்துவருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "இதுல என்ன கலந்திருக்குன்னு கொடுத்தவருக்காவது தெரியுமா? நல்லா ஆயிட்ட மாதிரி காட்டும், உள்ள மூட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும். உங்க ஈரலை நான் பரிசோதனை பண்ணிப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பயமா இருந்தா என்கிட்ட கேளுங்க. சொல்லாம மட்டும் நிறுத்தாதீங்க." ஊரையே திட்டுபவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தபோது அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கிக் குடித்தாள். நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "உனக்கு நல்லது பண்ணணும்னுதான் கொடுத்தேன்."

"தெரியும் அண்ணி. கெட்டது பண்ணணும்னு கொடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் குணமாகியிருப்பேன்."

நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது. அதன் பிறகு அவர் டப்பா எதுவும் கொண்டுவரவில்லை. வந்தார், பாத்திரம் தேய்த்தார், ஊர்க்கதை பேசினார், போனார். குமட்டல் நாளில் அவரைச் சகித்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதைப் பிரேக் அக்கா யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. அவர் பதறிப் போய் அவளை அலுவலகத்திலேயே உட்கார்ந்து சாலைக் குறியீடுகள் பாடம் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். சுவரில் மாட்டிய படங்களில் எந்த வண்டியும் தப்பாகவே போகவில்லை. யாரைத் திட்டுவது? கொஞ்ச நாள் பொறுத்தாள். மறுபடி ஒழுங்காகப் போட்ட மாத்திரை மெல்ல வேலை செய்ய ஆரம்பித்ததும் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"காலை முதல் பேட்ச் எனக்கு வேண்டாம் முதலாளி. அந்த நேரத்துக்கு என் கை என் கையே இல்லை. பத்து மணிக்கு மேல கொடுங்க. தினமும் இங்க நிறுத்தி வெச்சிருக்கற வண்டியில முதல்ல பிரேக்கை மிதிச்சுப் பார்ப்பேன். கால் சரின்னு சொன்னா ரோட்டுக்குப் போவேன். இல்லைன்னா படத்துக்குப் பாடம் எடுப்பேன்."

முதலாளி ஒத்துக்கொண்டார். மெக்கானிக் அவள் பக்கத்துப் பிரேக்குக்கு அகலமான மிதி ஒன்றைப் பொருத்தி, குதிகால் பக்கமாகவும் அழுத்திப் பார்க்கச் சொல்லிச் சோதித்துக் கொடுத்தார். சில நாள் ரோடு, சில நாள் படம்.

ஆனால் மோசமான நாட்களில் மருத்துவமனைக்கு யார் ஓட்டிப்போவது? இங்கேதான் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்ல வேண்டும். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுப்பவளையே கட்டிக்கொண்டு இத்தனை காலம் கிளட்ச் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாழ்ந்துவிட்டார். தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ளப் பயந்து.

"வேற வாத்தியார்கிட்ட படிக்கறேனே" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"என் புருஷன் இன்னொருத்தன்கிட்ட படிச்சா எனக்கு என்ன மரியாதை?"

நிற்கும் வண்டியில் கிளட்ச், கியர் எல்லாம் பழகிய பிறகு, ரோட்டில் முதல் நாள் மரங்கள் அடர்ந்த ஒரு காலித் தெருவில் ஆரம்பித்தார்கள். கணவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்தார், மூக்குக்கண்ணாடியின் காம்பைப் பிடிப்பது போல. அவள் ஆரம்பித்தாள். தெருமுனை வரும்வரை நிறுத்தவில்லை. அவருடைய பிடி, பார்வை, உட்காரும் விதம், அவரைப் பெற்றவர்கள், அவர் வேலை பார்க்கும் கடையின் கண்ணாடிகள், ஒன்றையும் விடவில்லை.

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சிக்னல் போட்டார். ஓரமாக ஒதுங்கி, நடைபாதையை ஒட்டினாற்போல நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இறங்கி நடந்து போய்விட்டார்.

பிரேக் அக்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லை. இறங்கி ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் கால் இருக்கிற இருப்புக்கு அதுவும் ஆகாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் இரண்டு காகிதக் கோப்பைகளில் காபியோடு திரும்பி வந்தார். அவள் கோப்பையைச் சுற்றிக் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, அவள் உள்ளங்கைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் நிறுத்தினது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் எட்டிக் கீழே பார்த்தாள். சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ம். நிறுத்த வருது" என்றாள். "இனிமே ஓட்டறதுதான் பாக்கி."

அவர் உரிமம் வாங்கிவிட்டார். இப்போது பரிசோதனை நாட்களில் அவர்தான் ஓட்டுகிறார். நோய் போய்விடவில்லை. காலையில் வெந்நீரில் கையை ஊறவைத்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடிகிறது. சனிக்கிழமை மாத்திரை தொடர்கிறது. ஆனால் போன தடவை பார்த்தபோது வீக்கம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவள் பின் இருக்கையில்தான் உட்கார்வாள். முன்னால் உட்கார்ந்தால் சொந்தக் காரில் இல்லாத பிரேக்கைத் தேடிக் கால் தரையை மிதித்துவிடுகிறது, அப்புறம் நாள் முழுக்க வலி. பின்னால் உட்கார்ந்தால் காலுக்கு நிம்மதி. வாய்க்கு எந்த மருத்துவரும் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை.

நேற்றும் நாற்சந்தியில் கார் நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

"என்னங்க, விளக்கு பச்சையாயிடுச்சு. பழுக்கட்டும்னு காத்திருக்கீங்களா?"

கணவர் கியரைப் போட்டு, பதறாமல் கிளட்சை விட்டார்.