ஒன்பதாவது சாப்டரில் பிழை

பேய், பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை நான். பதினாறு வருடமாக வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பிழை வந்தால் நேரத்தோடு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். இதில் வரும் நேரங்கள் எல்லாம் அந்த நோட்டைப் பார்த்து எழுதியவை. ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்தது பட்டப்பகலில்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு டாக்சி டிரைவர் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவோடு வந்தார். முந்தின நாள் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகளின் கல்யாணத்தைப் பார்க்கவே இல்லை.

"ஆறு மணிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள கல்யாணத்தைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. போன்ல காட்டினா கண்ணு தெரியல. வார்டு டிவியில டிவிடிதான் ஓடுமாம்."

"அஞ்சு மணிக்கு வாங்க. ரெடியா இருக்கும்."

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இருந்த டிவிடி மென்பொருள் பழசு. தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும். 'மனுஷங்ககூடப் பேசறதைவிட நீங்க அதைத் திட்டறதுதான் அதிகம்' என்பாள் என் மனைவி. வீடியோவைப் பதினொரு சாப்டர்களாகப் பிரித்தேன். மெனு போட்டேன். டிஸ்க்கில் எழுத விட்டேன். 94 சதவீதத்தில் நின்றுவிட்டது.

'ஒன்பதாவது சாப்டரில் பிழை. ஒலி பொருந்தவில்லை.'

திறந்து பார்த்தேன். சாப்டரின் கடைசியில் 43 விநாடி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சேர்க்காதது. மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஒரு பெண்மணி நின்று அவள் தலைமுடியைச் சரிசெய்கிறார். முகம் குனிந்திருக்கிறது. புறங்கையில் பிளாஸ்டர். மண்டபத்துச் சத்தம் எதுவுமே இல்லை. அதற்குப் பதிலாக...

பீப்... பீப்... பீப்...

கேமராக்காரரின் மைக் கோளாறு என்று நினைத்தேன். ஒலியை மட்டும் மாற்றினால் அந்தத் துண்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். யாரோ ஒரு உறவுக்காரி தலை வாரிவிடுவதற்கு நான் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும்? வெட்டி எறிந்தேன். மணி 3:08.

மறுபடி எழுத விட்டேன். 94. நின்றது.

அதே பிழை. அதே துண்டு திரும்ப வந்திருந்தது. இப்போது 29 விநாடி. பீப் சத்தத்துக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெட்டினேன். 3:31.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். புது டிஸ்க் வைத்தேன். திரும்பவும் 94. தாமதமாகும் என்று சொல்ல டிரைவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

14 விநாடி. குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்கிறது... வெட்டினேன். 3:54.

மென்பொருளையே அழித்தேன். புதிதாக நிறுவினேன். எல்லாச் சாப்டரையும் முதலிலிருந்து போட்டேன். அழுகை வராத குறைதான்.

மூன்று விநாடி.

இந்த முறை அவர் நேராக என்னைப் பார்த்தார்.

உதடு அசைந்தது. ஏதோ கேட்கிறார்...

எனக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம்தான். ஒரு அம்மா காத்திருக்கிறார்.

வெட்டினேன்.

4:26.

பீ...............ப்...

வயர் பிடுங்கிய ஸ்பீக்கரிலிருந்து.

94... 95... 100.

டிஸ்க் வெளியே வந்தது.

டிரைவர் ஐந்து மணிக்கு வரவில்லை. ஆறரைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. போனை நீட்டினார்.

"இந்தப் போட்டோவைப் பெருசாக்கி, பிரேம் போட்டுக் குடுங்கண்ணே. அக்கா போயிட்டா."

அந்தப் பெண்மணி.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு எட்டுக்கு முதல் தடவை நெஞ்சு நின்னுச்சு. டாக்டர் புடிச்சு இழுத்துட்டாரு. மூணு தடவை அப்படி. நாலு இருபத்தாறுக்கு... முடியல." மூக்கை உறிஞ்சினார். "டிவிடி வந்துச்சா?"

"வந்துடுச்சு."

டிஸ்க்கை எடுத்து நீட்டினேன்.

அவர் டிஸ்க்கை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

"மூணாவது தடவை கண்ணு முழிச்சப்ப, 'இன்னும் கொஞ்ச நேரம் எம் பொண்ணு பக்கத்துல நிக்க விடுப்பா'ன்னு கெஞ்சினாண்ணே. யார்கிட்ட கேக்கறான்னு எங்க யாருக்கும் தெரியல."