ஈனிட் ப்ரீஸும் வெளிக் கோல்வுட்களும்

ஈனிட் ப்ரீஸை முதன்முதலில் நான் சோதித்துப் பார்த்தது பொறாமையால்தான். ஸ்டான்பரி தபால் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள் நான், பெயர் நெல். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யார் வீட்டுக்கு வராமல் நின்றுபோனது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நான் அறிந்ததெல்லாம் உயிரோடு இருப்பவர்களைத்தான். ஈனிட் செத்தவர்களையும் அறிந்தவள், அதுவும் நானூறு வருஷமாகச் செத்துக்கொண்டிருப்பவர்களை. ஒரு நாள் தபால்தலை வாங்க வந்தவளிடம் வேண்டுமென்றே வாயைக் கிளறினேன்.

“பெரிய வீட்டு சர் ரெஜினால்டோட தாத்தா யாருடி?”

“சர் பெவில். அவருக்கு அப்பா சர் கில்பர்ட். குதிரையிலேருந்து விழுந்து இடுப்பு போனவரு. அவருக்கு மூணு பொண்டாட்டி. மூத்தவ மால்வர்ன் பக்கத்து டாக்டர் பொண்ணு, பிரசவத்துல போயிட்டா. ரெண்டாவது, சொந்த அத்தை பொண்ணு...”

தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். எந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்தார்கள், எந்தக் குழந்தை எத்தனை நாள் இருந்தது, அண்ணன் தம்பிகளில் யார் யாருடன் பேசவில்லை என்று எல்லாம் வந்தது. பதினோராவது தலைமுறையில் நான்தான் கையெடுத்து நிறுத்தினேன். எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தை விட்டபோது அவளுக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து லெட்பரியில் முட்டை நிலையத்தில் வேலை. இருட்டு அறையில் விளக்குக்கு முன்னால் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். நிமிஷத்துக்கு இருபது முட்டை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவள் எங்கள் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளைப் படித்தாள். பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதற்குக் கூலி வேண்டாம், வியாழக்கிழமை மத்தியானம் பதிவேடு வைத்திருக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும் என்று பாதிரியாரிடம் பேசிவைத்திருந்தாள். அந்தக் காலத்து எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டாள்.

ஒரு தடவை அவள் சமையலறைக்குப் போனேன். முட்டைப் பெட்டிக்குள் விரிக்கிற சாம்பல்நிறத் தாளை ஒட்டி ஒட்டி, சுவர் முழுக்கப் பெரிய வீட்டுக் கோல்வுட் வம்சத்தை எழுதியிருந்தாள். அடுப்புக்கு மேலே ஏறி, ஜன்னலைச் சுற்றி வளைந்து, கதவுவரை போயிருந்தது. சர் ரெஜினால்டின் கார் தெருவில் போனால் எழுந்துகூட நிற்காதவள் நான். பட்டம், பவிசு என்றாலே எனக்கு எரிச்சல். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் தலையில் கட்டியிருந்த துணியை என்னையறியாமல் அவிழ்த்தேன். பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, கட்டி, பெற்று, புதைந்துபோன அத்தனை பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை நிற்க வைத்தவள் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் அப்பா யாரென்று தெரியாது. அதை ஒளிக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பிறப்புச் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்திருக்கும். அவள் அம்மா டிலிஸ் சலவை செய்து பிழைத்தவள். கடைசி மூச்சுவரை வாயைத் திறக்கவில்லை.

லெனர்ட் கோல்வுட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லென் எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக். பெரிய வீட்டுக்காரர்களுடைய குடும்பப்பெயரேதான், ஆனால் பெயரைத் தவிர ஒன்றும் கிடையாது. பாட்டன் காலத்தில் டாட்வெல் என்றொரு பாதிரியார் எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் போட்டார். அதில் லென்னுடைய முன்னோரான, பெரிய வீட்டு இளைய மகன் ஜான் கோல்வுட்டைப் பற்றி இரண்டே வரி. ஜானும் மில்காரர் மகள் ஹன்னாவும் கல்யாணம் பண்ணியது 1719 மே மாதம் நாலாம் தேதி. அவர்கள் மகன் தாமஸுக்கு ஞானஸ்நானம் ஆனது 1719 பிப்ரவரி ஒன்பதாம் தேதி. அதாவது கல்யாணத்துக்கு முன்னாலேயே பிள்ளை. அவ்வளவுதான். புத்தகம் வந்த வருஷத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘வெளிக் கோல்வுட்’, அதாவது முறைக்கு வெளியே பிறந்தவர்கள். லென்னின் தாத்தா அதற்கப்புறம் கோயில் படி ஏறவில்லை. அப்பா மதுக்கடையில் இரண்டு பேர் பல்லை உடைத்தார். லென் சிரித்துக்கொண்டே கடந்துபோகிற ரகம். பள்ளிக்கூடத்தில் அவனும் ஈனிடும் ஒரே பெஞ்ச். பக்கத்தில் உட்கார வேறு யாரும் கிடைக்கவில்லை இரண்டு பேருக்கும்.

1963-இல், அந்தப் பெரும் பனிக்காலத்தில், சர் ரெஜினால்ட் செத்துப்போனார். மண் இறுகிப்போய்க் குழி வெட்டவே மூன்று வாரம் ஆயிற்று. பிள்ளை இல்லை, தம்பி இல்லை. வீடு எப்போதோ வரிக்காக விற்கப்பட்டு ஸ்கூலாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்த ‘சர்’ பட்டம் மட்டும். ஆண் வாரிசுக்கு, அதுவும் முறையாகக் கட்டியவளுக்குப் பிறந்த வாரிசுக்குத்தான் அது போகும். பட்டம் இத்தோடு ஒழிந்தது என்று ஹியர்ஃபோர்ட் பேப்பரில் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதுக்கடையில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். ஈனிடும் மூலையில் இருந்தாள். இறைச்சிக்கடை பெர்ஸி லென்னைப் பார்த்ததும் எழுந்து குனிந்து சலாம் போட்டான்.

“வாங்க வாங்க சர் லெனர்ட்! ஒரு மூணு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா உங்க பாட்டன்? இன்னிக்கு எங்களுக்கெல்லாம் நீங்கதானே சைடர் வாங்கிக் கொடுத்திருப்பீங்க!”

கடையே சிரித்தது. லென்னும் சிரித்தான். ஆனால் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐம்பத்தெட்டு வயசு ஆள். அவன் முதுகைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போதே ஈனிட் வாசலில் நின்றாள்.

“வக்கீலுக்கு ஒரு லெட்டர் எழுதணும், நெல். நீதான் ஸ்பெல்லிங் பாக்கணும். லென் வெளிக் கோல்வுட் இல்ல.”

“என்னடி சொல்ற? தேதியே புஸ்தகத்துல இருக்கே.”

“தேதி சரிதான். படிச்சவருதான் தப்பு.” முன்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சூசன் ஹாட்ஜஸ்னு ஒரு குழந்தை. அதே ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆயிரத்து எழுநூத்துப் பத்தொன்பது ஏப்ரல்ல ஞானஸ்நானம். அதே பத்தொன்பதுல ஜனவரியில அடக்கம். ‘ஒன்பது மாசக் குழந்தை’ன்னு போட்டிருக்கு.”

“பொறக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியேவா செத்துச்சு?”

“எனக்கும் அதான் தூக்கம் போச்சு. பாவம், அந்தக் குழந்தைய எந்தப் பக்கம் வைக்கறதுன்னே தெரியல. முட்டை பாக்கும்போதெல்லாம் அவ ஞாபகம்தான். அப்புறம் ஒரு மார்ச் இருபத்தஞ்சு, மாதா நாள். சைக்கிள்ல வேலைக்குப் போறேன். ரோடு பூரா வண்டி. கட்டில், அண்டா, கோழிக்கூடு எல்லாம் ஏத்திக்கிட்டுப் பண்ணை ஆளுங்க வீடு மாத்தறாங்க. பழைய பண்ணை முடிஞ்சுது, புதுப் பண்ணை ஆரம்பம். அப்பதான் உறைச்சுது. நம்மளுக்கு இன்னும் அன்னிக்குத்தானே வருஷம் பொறக்குது, நெல்? அந்தக் காலத்துல எல்லாருக்குமே அன்னிக்குத்தான் பொறந்திருக்கு!”

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கவுண்டரில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

“பத்தொன்பதாம் வருஷம் ஆரம்பிக்கறது மார்ச் இருபத்தஞ்சு. அப்புறம் ஏப்ரல், மே. சூசன் பொறந்தாச்சு, ஜானுக்குக் கல்யாணம் ஆயாச்சு. அப்படியே டிசம்பர் வரைக்கும் போ. ஜனவரி வந்தாலும் வருஷம் மாறல. அதுவும் பத்தொன்பதுதான். பிப்ரவரியும் பத்தொன்பதுதான். வருஷத்தோட வாலு அது, தலை இல்ல. ரிஜிஸ்டர்ல போய்ப் பாரு. பிப்ரவரி மாசத்தை டிசம்பருக்குக் கீழதான் எழுதியிருக்கான்.”

நான் விரல் விட்டு எண்ணினேன். மே நாலு. பிப்ரவரி ஒன்பது. ஒன்பது மாசம், மேற்கொண்டு அஞ்சு நாள். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கல்யாணம் என் கவுண்டரில் அந்த நிமிஷம்தான் நடந்து முடிந்த மாதிரி இருந்தது.

“டாட்வெல் அவ்வளவு படிச்சவராச்சே. இது தெரியாமலா போச்சு?”

“அவரை யாரும் மாதா நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லலையே.”

சிரித்தேன். அப்புறம்தான் ஒன்று உதித்தது.

“நீ இதை எப்பக் கண்டுபிடிச்ச?”

“பதினோரு வருஷம் ஆச்சு.”

“பதினோரு வருஷமா! அவன் வாங்கின பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா? கல்நெஞ்சுக்காரி! ஏண்டி சொல்லல?”

“அவன் என்கூட வெளியில இருந்தான், நெல். சொல்லிட்டா உள்ள போயிருவான்.”

எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாளை எடுத்துப் போட்டு, ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுத்தேன்.

பட்டம் கிடைத்தது. மறு வருஷம் லண்டனில் பட்டக்காரர்கள் பட்டியலில் லென்னின் பெயர் ஏறியது. அதெல்லாம் பேப்பரிலேயே வந்துவிட்ட கதை. பேப்பரில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வக்கீல் விம்புஷ் மே மாதம் ஊருக்கு வந்தார். தேவாலயத்துப் பக்க அறையில் பதிவேட்டைத் திறந்து வைத்து, ஈனிட் காட்டக் காட்ட ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சூசனின் இரண்டு வரியையும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷமாக வாரிசு வழக்குப் பார்க்கிறவர், எழுந்து நின்று முட்டை நிலையத்துப் பெண்ணுக்குக் கை கொடுத்தார். பிறகு, கண்டுபிடித்தவள் என்ற முறையில் அவள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை எடுத்தார். அங்கே இருந்தது நான், லென், பாதிரியார், அவ்வளவுதான்.

“ஒரு சம்பிரதாயம்தான் மிஸ் ப்ரீஸ்,” என்றார். “உங்களுக்கு இதுல எந்தச் சொந்த லாபமும் இல்ல, மிஸ்டர் கோல்வுட்டுக்கு நீங்க ரத்த உறவும் இல்லைன்னு எழுதிக்கறேன். இல்லைன்னா எதிர்த்துப் பேசறவங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. சரிதானே?”

ஈனிட் பேனாவை எடுக்கவில்லை.

“லாபம் இல்லைங்கறது சரி. இன்னொண்ணுக்குச் சத்தியம் பண்ண முடியாது சார்.”

“ஏன்? நீங்க உறவா?”

“தெரியாது.”

விம்புஷுக்குப் புரியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? லென்னுக்கு மூன்று தலைமுறை மானம் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் ஈனிட் ப்ரீஸ். சந்தேகமான முட்டையைத் தட்டில் விட்டதே கிடையாது.

“எனக்கு அப்பா பேர் கிடையாது சார்,” என்றாள், பாதிரியார் முன்னால், எங்கள் எல்லோர் முன்னாலும், குரல் கொஞ்சமும் தாழாமல். “இந்த ஊர்ல எல்லாரோட அப்பனையும் எனக்குத் தெரியும். என் அப்பனைத் தெரியாது. அது யாரா வேணா இருக்கலாம். இவன் குடும்பத்து ஆளாவும் இருக்கலாம். இல்லைன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?”

அவள் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. அன்றைக்கு அவளைப் பார்த்து நான் பிரமித்ததுபோல் யாரைப் பார்த்தும் பிரமித்ததில்லை.

விம்புஷ் தொண்டையைச் செருமினார். “அப்ப நான் என்னன்னுதான் எழுதறது?”

பதில் சொன்னது லென். மூலையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தவன் முன்னால் வந்தான்.

“உறவுன்னே எழுதிக்குங்க சார்.”

“மிஸ்டர் கோல்வுட், அது உங்க கேஸையே பாதிக்கலாம்...”

“பாதிச்சா பாதிக்கட்டும். தெரியாதுன்னுதானே சொல்றா? தெரியாததுக்கு இல்லைன்னு எழுதுவீங்கன்னா, ஆமான்னும் எழுதலாமில்ல?” அவள் பக்கம் திரும்பினான். “உனக்குச் சம்மதமா ஈனிட்? என்னைப் போய் உறவுன்னு சொல்லிக்க?”

அவள் தலையை ஆட்டினாள். சட்டப்படி அப்படி எழுத முடியாது என்று விம்புஷ் சொன்னார். கடைசியில் ‘உறவு உண்டா இல்லையா என்பது அறியப்படவில்லை’ என்று எழுதினார். அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். லென் அவளுக்குப் பின்னால் போய், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மை காயும்வரை நின்றான்.