திங்கட்கிழமை காலை வரும் மெயில்

எங்கள் அண்ணனின் காரியத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அவரோடு ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கும் தங்கை எழுதிக்கொள்வது. அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எழுத்தில் எங்காவது கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்களை வளர்த்தார்கள். அப்பா சீக்கிரமே காலமானார். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பிரஸ் மிஷினில் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார், என்னைப் படிக்க வைத்தார், தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார், பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்தார். அந்த மிஷின் சத்தம்தான் அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோனது. ஒருநாளும் அதைச் சொல்லி அவர் அலுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் அது நடக்காது. பள்ளிப்பட்டிலிருந்து நான் கத்தினால் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும், அண்ணனுக்கு மட்டும் கேட்காது. ஒரே மாவட்டம் என்றுதான் பேர். பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஆகவே எங்கள் இருவருக்கும் எழுத்து ஒன்றுதான் வழி. வாரம் ஒரு கடிதம் அவர் போடுவார், ஒன்று நான் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

ஒருமுறை அண்ணிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போனில் சொன்னால் நான் பதறுவேன் என்று அண்ணன் வேறு யாரையும் சொல்ல விடவில்லை. அதைச் சொன்ன கடிதம் என் கைக்கு வந்து, நான் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், அண்ணி அடுப்படியில் நின்று தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அண்ணனை எதிரில் உட்கார வைத்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"இனிமே மெயில்ல எழுதுண்ணா. எழுதின உடனே எனக்கு வந்துடும்."

"அதான் வாணான்றேன்," என்றார் அண்ணன். "உடனே வந்துடும்னா உடனே பதில் போடணும். நீ தையல் மிஷின்ல குந்திக்கினு இருப்ப. பதில் வரலன்னா, தங்கச்சிக்கு இன்னா ஆச்சோன்னு நான் இங்க பேஜாராவணும். லெட்டர்னா நாலு நாளு நிம்மதி."

"அப்ப வாட்ஸ்அப்?"

"அது இன்னும் மோசம். நீலக் கோடு வந்துச்சு, பதில் வரலன்னு எங்க லைன்ல பாதி பேரு ஊட்ல சண்ட நடந்துக்கினு கீது."

சண்டையைத் தீர்த்து வைத்தது அண்ணனின் ஒரே மகள் ரேவதி. தேர்வாய் கண்டிகையில் வேலைக்குப் போகிற பெண். மெயிலை இன்றைக்கு எழுதி வைத்துவிட்டு, நாம் சொல்லும் நாளில், சொல்லும் நேரத்தில் தானாகப் போகும்படி செய்யலாம் என்று காட்டினாள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மெயிலைத் தபால் மாதிரி நடக்க வைத்துவிட்டோம் என்று அவ்வளவு சந்தோஷம். வாரவிடுமுறையான வியாழக்கிழமை எழுதுவார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு வரும். அதைப் படிக்காமல் நான் என் தையல் கடையைத் திறந்தது கிடையாது.

மெயிலிலும் அவர் கடிதம்தான் எழுதினார். மேலே ஊர்ப் பெயர், கீழே பெறுநர் என்று போட்டு என் வீட்டுக் கதவு எண் வரைக்கும் இருக்கும். நல்ல செய்தி என்றால் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம் இல்லையா, மெயிலுக்கு என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார். ரேவதிக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தியை முழுக்க முழுக்க மஞ்சள் எழுத்தில் அனுப்பிவிட்டார். வெள்ளைத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. "உங்க அண்ணன் வெறும் பேப்பரு அனுப்பிக்கிறாரு," என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு.

வெள்ளிக்கிழமை காலை ரேவதி போன் செய்தாள். "அத்தே, அப்பா..." என்று சொல்லிவிட்டு அழுதாள். முதல் ஷிப்டுக்குப் போனவர், டீ குடிக்க உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. ஒரு தலைவலி என்று படுத்தவரில்லை. நான் வந்து சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுற்றிலும் எல்லோரும் கதறி அழுகிறார்கள், எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. யாரோ யாரையோ தப்பாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்றே பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை அடக்கம் ஆயிற்று. அப்போதும் அழவில்லை. என் நெஞ்சழுத்தத்தைப் பற்றிச் சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

திங்கட்கிழமை காலை கூடத்தில் உறவினர்களோடு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த போன் மணியடித்தது. பார்த்தால் அண்ணனின் மெயில். எழுந்து நின்று, "அண்ணன் மெயில் போட்டுக்கிறாரு, நல்லா கீறேன்னு எழுதிக்கிறாரு," என்று எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர்தான் மெதுவாக, "இன்னாமே சொல்ற, மச்சானை சனிக்கிழமதான மண்ணுல வெச்சிட்டு வந்தோம்," என்றார்.

ரேவதி போனை வாங்கிப் பார்த்தாள். "அத்தே, இது வியாழக்கிழம எழுதினது. இன்னிக்கு போவுற மாதிரி வெச்சிட்டு தூங்கப் போனாரு," என்றாள்.

அண்ணன் என்ன எழுதியிருந்தார் என்று எல்லோரும் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நலம். தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு முட்டிவலி பரவாயில்லை. வரும் ஆடியில் நானே வந்து அழைத்துவருகிறேன். பதில் மெதுவாகப் போடு, அவசரம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புத்தான். ஓவர்டைம் இருக்கும் மாதங்களில் அண்ணன் இரண்டு வாரத்து மெயிலை ஒரே நாளில் எழுதி வைத்துவிடுவார். இது ஓவர்டைம் மாதம். அப்படியானால் இன்னும் ஒன்று இருக்கலாம். அவர் கணக்கைத் திறந்து பார்த்துவிடலாம் என்றாள் ரேவதி. தொடாதே என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். திறந்து பார்த்து இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? அண்ணியும், "வாணாம்மா. அவரு எப்ப வரணும்னு வெச்சாரோ அப்பவே வரட்டும்," என்றார். அந்த வாரம் முழுக்க அண்ணன் எங்கோ ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்பது போலவே சாப்பிட்டேன், தூங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணி, ரேவதி, நான், மூவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஏதோ கடைத் தள்ளுபடி விளம்பரம் ஒன்று வந்தது. ஒன்பது மணிக்கு ரேவதி எழுந்து போய் அப்பாவின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். இல்லை என்று தலையை அசைத்தாள். அப்போது நான் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்துவிட்டது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஷிப்டுத் தோழர்களுக்கும், அடக்கத்துக்கு முன்நின்ற தெருக்காரர்களுக்கும், எங்கள் ரேவதியைத் தங்கள் பெண்ணாகத் தாங்கிக்கொண்ட மாப்பிள்ளை வீட்டாருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து தந்தவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அன்று காலை ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் என்னோடு உட்கார்ந்து அழுதவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கைகூப்புகிறேன். அண்ணன் மறைந்தது வெள்ளிக்கிழமை என்று இந்த மலரின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம். எனக்கு அவர் இறந்தது மெயில் வராத அந்தத் திங்கட்கிழமை.