பொங்கல் சீசனும் அளவு மீறிய பார்சல்களும்

கூரியர் கவுண்டருக்குச் சண்டை போடவென்று யாரும் வருவதில்லை. பார்சலைத் தராசில் வைத்த பிறகுதான் அவர்களுக்கு அந்த எண்ணமே வருகிறது. ரேஷன் கடை, கேஸ் ஏஜென்சி, டிக்கெட் கவுண்டர் என்று எங்கேயாவது உட்கார்ந்து, யாரோ வைத்த விலைக்குத் தினமும் திட்டு வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கவுண்டர் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம். போன பொங்கலுக்கு மேலிடம் 'சீசன் கூடுதல் கட்டணம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய பார்சலுக்கும் கனமான பார்சலுக்கும் மட்டும்தானாம். பொங்கலுக்குச் சின்ன பார்சல் அனுப்புகிறவர் எங்கள் ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்?

அதே பொங்கல்தான் என் தங்கை தேன்மொழிக்குத் தலைப்பொங்கல். அவளை ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம். அப்பா இல்லாததால் சீரை நான்தான் கொண்டுபோக வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்றால் மாமியார் வீட்டில் அவள் முகம் வாடிப்போகும். எனக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் மார்கழி பூராவும் எங்கள் இருவருக்கும் கவலை.

காற்றோடு வந்த மூட்டை

பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் ஆள் உயர மூட்டையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பஞ்சு மாதிரிப் பூளைப்பூ. பெங்களூரில் இருக்கும் மகன் போகியன்று வாசலில் காப்புக் கட்டுவதற்காம். மகன் இருப்பது அடுக்கு மாடியில். ஒரு கொத்து போதாதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா என்றார்.

தராசு முள் அசையவே இல்லை. ஆனால் எங்கள் விதிப்படி, அடைக்கிற இடத்துக்கும் எடை உண்டு. டேப்பை வைத்து அளந்து கட்டணத்தைச் சொன்னதும், மூட்டையைக் கீழே சாய்த்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். அது அமுங்கியது. அவர் எழுந்தார், அதுவும் எழுந்தது. இப்படியே கொஞ்ச நேரம் போராடியபின் பெருந்தன்மையோடு ஒரு யோசனை சொன்னார்: "அப்ப காத்த இங்கயே எடுத்து வெச்சுக்குங்க. பூவ மட்டும் அனுப்புங்க."

கல்லின் கனம்

கம்பைநல்லூரிலிருந்து ஓர் அம்மா ஆட்டோவில் அம்மிக்கல் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் புதுக்குடித்தனம் போன மருமகள் மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தின்று தன் பையன் இளைத்துவிட்டான் என்பது அவர் கட்சி. ஆட்டோக்காரரும் நானுமாகத் தூக்கித் தராசில் வைத்தோம். தராசு ஒரு முனகல் முனகியது, என் இடுப்பும்தான்.

தீபாவளி கழிந்து இதே கல்லை அனுப்ப என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனவர் அவர். அன்றைக்குச் சொன்ன தொகையை அப்படியே நினைவில் வைத்திருந்தார். இப்போது சீசன், கனமான பார்சலுக்குக் கூடுதல் உண்டு என்று விளக்கினேன். கல்லைச் சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "கல்லு அதே கல்லுதானுங்களே. பொங்கல் வந்தா அதுக்கு எங்கிருந்துங்க கனம் ஏறும்?"



சலுகை

நடுவில் ஏரியா மேனேஜருக்கு போன் போட்டு லீவு கேட்டேன். தலைப்பொங்கலின் மகிமையை உருக்கமாகவே எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். சீசனில் கவுண்டரை மூட முடியாது, மாற்று ஆளும் கிடையாது என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவர் நல்ல மனுஷர்; என்னைக் கைவிட மனசு வராமல் கடைசியில் சொன்னார்: "சீரை நம்ம கூரியர்லயே போடுங்க. ஸ்டாஃபுக்கு டிஸ்கவுண்ட் உண்டு, சீசன் சார்ஜுக்கு மட்டும் கிடையாது."

தோகையோடு ஒரு ஜோடி

சரி, விதி அப்படி என்றால் அனுப்பிவிடலாம் என்று ஒரு ஜோடிக் கரும்பு வாங்கி வந்தேன். சீர்க் கரும்பு என்றால் வேரும் தோகையுமாக முழுசாக இருக்க வேண்டும். டேப்பை நீட்டினால் தோகைக்குப் போவதற்குள் டேப் தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் அளவைப் போட்டேன். 'அளவு மீறிய பார்சல், துண்டுகளாக அனுப்பவும்' என்றது. ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்கிற மாதிரி நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

தங்கைக்கு போன் செய்து, கரும்பை வெட்டிப் பெட்டியில் அனுப்பட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.   அவள் சொன்னாள்: "கரும்பு இங்கயும் விக்குதுண்ணா. அண்ணன்தான் விக்கல."

கரும்பை வெட்டாமல் அப்படியே சுவரில் சாத்தி வைத்தேன்.

காலி கவுண்டர்

போகியன்று காலையிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் சீசன் கட்டணத்துக்கு பயந்த ஜனம் பூராவும் பஸ் ஸ்டாண்டில் நின்று, மூட்டை மூட்டையாகக் கண்டக்டர்களிடம் கொடுத்துவிட்டுக் கொண்டிருந்தது. மேனேஜருக்கு போன் போட்டு, கவுண்டருக்கு வெளியே யாரும் இல்லை, இனி உள்ளேயும் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது.

கரும்போடு ஈரோடு பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் கரும்புக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கேட்டார். ரெண்டு கரும்பு என்ன பெரிய கனமா என்று நியாயம் பேசினேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "கனத்துக்குப் போடலைங்க. அது நிக்கற எடத்துல ரெண்டு பேரு நிப்பாங்க." எங்கள் கவுண்டர் விதியேதான். டிக்கெட் வாங்கினேன்.

ஈரோட்டில் இறங்கிப் பார்த்தால், கூட்டத்தில் நசுங்கி ஒரு கரும்பின் கொழுந்து முறிந்து தொங்கியது. மூளியான சீரோடு எப்படி வாசல் ஏறுவது என்று, கொழுந்தைக் கையால் நிமிர்த்திப் பிடித்தபடி அவர்கள் வீட்டுக்கு எதிரே நின்றேன். தேன்மொழி ஓடிவந்து கரும்பைப் பார்க்காமல் என் கையைத்தான் பிடித்தாள். பின்னாலேயே வந்த அவள் மாமியார் கரும்பை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கரும்பு உயரமும் மூட்டைப் பருமனுமாக நின்ற என்னையும் அதே மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரும்பு முறிஞ்சா முறிஞ்சுட்டுப் போவுது, போச்சாது போங்க தம்பி. அண்ணன் முழுசா வந்து சேந்துட்டீங்கல்ல."

சீசன் நேரத்தில், எடையும் அளவும் மிஞ்சிய ஒரு பார்சல் சேதாரம் இல்லாமல், சொன்ன நாளில், உரியவர் கையிலேயே போய்ச் சேர்ந்தது என் சர்வீஸில் நான் ஒன்றுதான், அதுவும் எங்கள் கூரியரில் போகவில்லை.